இரண்டு நிறுவன நெட்வொர்க்குகளை விபிஎன் மூலம் இணைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒருவருடைய சர்வர் இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது. "சைட்-டு-சைட் விபிஎன் போட்டுவிடலாம்" என்று யாரோ சொல்கிறார்கள், இரண்டு மணி நேரத்தில் டனல், அதாவது இணையத்தின் வழியே இரண்டு நெட்வொர்க்குகளையும் இணைக்கும் பூட்டிய பாதை, தயார். கேள்விகள் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்பக் காதில் விழுபவை இங்கே.

விபிஎன் போடுவதே பாதுகாப்புக்காகத்தானே? அதில் என்ன ஆபத்து?

பாதுகாப்புதான். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. டனல் காப்பது வழியை மட்டும். நடுவில், இணையத்தில் ஒட்டுக்கேட்பவனால் உங்கள் தரவைப் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. மறுமுனைக் கணினியில் என்ன ஓடுகிறது, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதெல்லாம் டனலுக்குத் தெரியாது. வைரஸ் பிடித்த கணினி அனுப்பும் பாக்கெட்டையும் அதே அக்கறையோடு பூட்டி, பத்திரமாகக் கொண்டுவந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் இறக்கிவிடும்.

அவர்களுடைய சுவிட்சிலிருந்து ஒரு நீளமான கேபிளை இழுத்துவந்து உங்கள் சுவிட்சில் செருகப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். எந்த மேலாளரும் ஒரு நிமிடம் தயங்குவார். நடக்கப்போவது அதேதான். விபிஎன் என்ற பெயரைக் கேட்டதும் அந்தத் தயக்கம் போய்விடுகிறது.

அப்படியானால் மறையாக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும். ஐபிசெக் (இத்தகைய டனல்களுக்கான வழக்கமான நெறிமுறை) என்றால், இரண்டு முனைகளும் பேசி முடிக்க ஐகேஇ இரண்டாம் பதிப்பு, தரவைப் பூட்ட ஏஇஎஸ்-ஜிசிஎம், சாவிப் பரிமாற்றத்துக்கு டிஃபி-ஹெல்மன் குழு 14 அல்லது 19, 20. கூடவே பெர்ஃபெக்ட் ஃபார்வர்டு சீக்ரஸி, அதாவது ஒரு சாவி பின்னாளில் கசிந்தாலும் பழைய தரவைத் திறக்க முடியாமல் செய்யும் ஏற்பாடு. 1998இல் வந்த ஐகேஇ முதல் பதிப்பை 2023இல் இணையத் தரநிலைக் குழுவே வழக்கொழிந்தது என்று அறிவித்துவிட்டது. 1024 பிட் கொண்ட குழு 2 எவ்வளவு பலவீனமானது என்று 2015இல் லாக்ஜாம் ஆய்வு காட்டியது. 3டெஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஓட்டையை 2016இல் ஸ்வீட்32 என்ற ஆய்வு காட்டியது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பழைய அமைப்புகள் ஏன் உயிரோடு இருக்கின்றன? எதிர்த்தரப்பில் பத்து வருடப் பழைய கருவி இருக்கும். "எங்களிடம் இதுதான் ஓடும்" என்பார்கள். சரி என்று நீங்களும் இறங்கி வருவீர்கள். இரண்டு பக்கத்தில் எது பலவீனமோ அதுதான் டனலின் பலம். அந்த ஒரு கூட்டாளிக்காக உங்கள் கருவியில் திறந்துவிட்ட பழைய முறை, வேறு இணைப்புகளுக்கும் சேர்த்துத் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பகிர்ந்த சாவியை மின்னஞ்சலில் அனுப்பலாமா?

வேண்டாம். அது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காண வைத்திருக்கும் ரகசியச் சொல். ஆனால் மின்னஞ்சலில் அனுப்புவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். இரண்டு தரப்பும் நிரப்பும் விபிஎன் படிவத்தில் ஐபி முகவரி, குழு எண், நேர அளவு எல்லாவற்றுக்கும் கீழே சாவிக்கும் ஒரு கட்டம் இருக்கும். அந்தப் படிவம் ஏழெட்டுப் பேருடைய அஞ்சல் பெட்டியில் வருடக்கணக்கில் கிடக்கும். படிவம் அஞ்சலில் போகட்டும். சாவியைத் தொலைபேசியில் இரண்டு பாதியாகச் சொல்லுங்கள், அல்லது ஒரு முறை திறந்ததும் அழிந்துவிடும் இணைப்பில் அனுப்புங்கள்.

சாவி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். நிறுவனத்தின் பெயரோடு வருடத்தைச் சேர்த்தால் அது சாவி ஆகாது. ஐகேஇ முதல் பதிப்பில் அக்ரஸிவ் மோட் என்று ஒன்று உண்டு. அதில் சாவியிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் (அதன் கைரேகை போன்ற ஒரு எண்) மறைக்கப்படாமலே வெளியே போகிறது. அதைப் பிடித்தவன் தன் கணினியில் வைத்து நிதானமாக ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் லாக்கில் (கருவியின் பதிவேட்டில்) ஒரு வரிகூட விழாது. முப்பது, நாற்பது எழுத்து நீளத்தில் கணினியே உருவாக்கிய சாவி என்றால் இந்த வேலை நடக்காது. முடிந்தால் டிஜிட்டல் சான்றிதழுக்கே போய்விடுங்கள். அதன் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அது உங்களுக்கு நினைவூட்டும்.

"முதலில் எல்லாவற்றையும் திறந்துவிடுவோம், வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் குறுக்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள். சரியா?

என்னைக் கேட்டால், இந்த இணைப்புகளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் பிறக்கிறது. அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. டனல் அப் ஆகிவிட்டது, தரவு ஓடுகிறது, திட்ட மேலாளர் நன்றி சொல்லி அஞ்சல் போட்டுவிட்டார். இனி யார் போய் ஓடுகிற ஒன்றைத் தொடுவார்கள்?

ஒரு ஃபயர்வாலை, அதாவது எந்தப் போக்குவரத்தை விடுவது என்று முடிவெடுக்கும் காவல் கருவியை, தணிக்கை செய்தபோது, எங்கிருந்தும் எங்கும் எந்தப் போர்ட்டும் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) அனுமதி என்று ஒரு ரூலைப் பார்த்தேன். அதன் குறிப்பில் 'தற்காலிகம், வெள்ளிக்கிழமை எடுத்துவிடவும்' என்று எழுதியிருந்தது. எந்த வெள்ளிக்கிழமை என்று எழுதவில்லை. ரூலின் வயது மூன்று வருடத்துக்கு மேல். அதை எழுதியவர் வேலையை விட்டே போயிருந்தார்.

தேவையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "அவர்களுடைய 192.168.5.12 சர்வர், எங்களுடைய 10.20.30.8 சர்வரின் 443 போர்ட்டுக்கு வர வேண்டும்." இதைச் சொல்ல முடிந்தால் ரூல் எழுதியாகிவிட்டது: ஒரு முகவரி, ஒரு முகவரி, ஒரு போர்ட். எதிர்த்திசையில் எதுவும் தேவையில்லை, பதில் பாக்கெட்டுகளை ஃபயர்வால் தானாகவே விட்டுவிடும். சொல்ல முடியவில்லை என்றால் தேவை இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம், டனல் போடும் நேரம் வரவில்லை. 10.20.0.0/16 என்று எழுதுவது கைக்குச் சுலபம்தான். அதில் 65,536 முகவரிகள் இருக்கின்றன. அச்சுப்பொறி, கேமரா, சம்பளப் பட்டியல் சர்வர் எல்லாம் அதற்குள்தான்.

இன்னொரு பொறி. டனலில் வரையறுக்கும் சப்நெட் (முகவரி வரிசை) வேறு, ஃபயர்வால் ரூல் வேறு. முதலாவது எந்தப் போக்குவரத்தை டனலுக்குள் தள்ளுவது என்று சொல்வது. பல கருவிகளில் அதை மட்டும் எழுதிவிட்டு, கட்டுப்பாடு வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால் கருவியில் 'சிஸ்ஆப்ட் கனெக்ஷன் பெர்மிட்-விபிஎன்' என்ற அமைப்பு ஆரம்பத்திலேயே இயங்கு நிலையில் இருக்கும். அதனால் டனலிலிருந்து வெளிவரும் பாக்கெட்டுகள் இன்டர்ஃபேஸில் நீங்கள் எழுதிவைத்த அனுமதிப் பட்டியலைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். பட்டியல் அழகாக எழுதியிருக்கும், அதை யாரும் படிக்க மாட்டார்கள். தனியாக விபிஎன் ஃபில்டர் போட வேண்டும், அல்லது அந்த அமைப்பை அணைக்க வேண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளில் அலவுட் ஐபிஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. அது முகவரியை மட்டும் பார்க்கும், போர்ட்டைப் பார்க்காது. போர்ட்டுக்கு ஃபயர்வால் தனியாக வேண்டும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: எதிர்த்தரப்பிலிருந்து ஒருவரை, அனுமதிக்காத போர்ட் ஒன்றைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தடுக்கப்பட்டது என்று உங்கள் லாக்கில் வர வேண்டும். வேலை செய்வதைச் சோதிக்கிற அளவுக்கு, வேலை செய்யக்கூடாததை யாரும் சோதிப்பதில்லை.

ஃபயர்வாலை அவர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். போதாதா?

போதாது. அவர்கள் வைத்திருக்கும் ரூலை நாளைக்கு அவர்களே மாற்றலாம், உங்களுக்குத் தெரியாது. அவர்களுடைய நெட்வொர்க்குக்குள் நுழைந்தவன் முதலில் மாற்றுவதும் அதைத்தான். உங்கள் வாசலில் உங்கள் பூட்டு இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் ஒரே ஐபி வரிசை. என்ஏடி போட்டால் தீர்ந்துவிடுமா?

என்ஏடி என்பது வழியிலேயே ஐபி முகவரியை மாற்றிக்கொடுப்பது. அதனால் இணைப்புப் பிரச்சினை தீரும். 1996 முதல் உலகமே 10, 172.16, 192.168 என்ற மூன்று தனியார் வரிசைகளைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது, மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாதுகாப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிக்கல் வேறு. அவர்களுடைய முந்நூறு கணினிகளும் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிந்து வந்தால், ஏதாவது நடக்கும்போது உங்கள் லாக்கில் அந்த ஒரு முகவரிதான் இருக்கும். எந்தக் கணினி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும், அவர்கள் என்ஏடி லாக் வைத்திருந்தால்தான் பதில் வரும். அதனால் ஒன்றுக்கு ஒன்று என்ற முறையில் முகவரி மாற்றச் சொல்லுங்கள். இரண்டு தரப்புக் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டட்டும். நாலு நிமிட வித்தியாசம் இருந்தால் இரண்டு லாக்கையும் ஒட்டிப் பார்ப்பது நரகம்.

அவர்களுக்கு ரேன்சம்வேர் வந்தால் நமக்கும் வருமா?

எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 443 மட்டும், ஒரே ஒரு சர்வருக்கு என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 இவையெல்லாம் திறந்திருந்தால் அவர்களுடைய நோய் உங்களுடைய நோய்.

2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற புழு இதற்கு நல்ல பாடம். உக்ரைனில் பலர் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக உள்ளே நுழைந்தது. அங்கிருந்து நெட்வொர்க் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போனது. அது பயன்படுத்திய எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே பேட்ச் கொடுத்துவிட்டது. பேட்ச் போட்டவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் பிடிபட்ட கணினியின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டுகளைத் திருடி, முறையான அட்மின் போலவே அடுத்த கணினிக்குள் நுழைந்தது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டிவந்தது. அந்தப் புழுவுக்கு இது நம் அலுவலகம், இது அடுத்த நாட்டுக் கிளை என்ற வேறுபாடு எதுவும் கிடையாது. ரூட் இருந்தது, போர்ட் திறந்திருந்தது, போனது.

அதனால்தான் "கோப்புப் பகிர்வை மட்டும் திறந்துவிடுங்கள், அவர்கள் சில எக்ஸெல் கோப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற வேண்டுகோளைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம். எக்ஸெல் கோப்புக்கு எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்) சர்வர் ஒன்று போதும்.

அவர்கள் சின்ன நிறுவனம். அவர்களை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

அவர்களை வைத்து உங்களைக் குறிவைப்பார்கள். 2013இல் டார்கெட் என்ற அமெரிக்க சில்லறை வணிக நிறுவனத்தில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. முதல் கதவு, அதற்குக் குளிர்பதன வேலை செய்த ஒரு ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து திருடிய லாகின். அது சைட்-டு-சைட் டனல் இல்லை, ஒப்பந்ததாரர்களுக்கான அணுகல்தான். பாடம் ஒன்றே: உள்ளே வந்த பிறகு பணப்பெட்டி இயந்திரங்கள் வரைக்கும் நடந்துபோக முடிந்தது.

அவர்களோடு வேறு யாராவது இணைந்திருந்தால்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் எல்லோரும். நீங்கள் ஒருவரோடு டனல் போடுகிறீர்கள். அவர்களுக்கு இன்னும் பத்துப் பேரோடு டனல் இருக்கலாம். கூடவே வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களின் விபிஎன், கிளவுடில் ஒரு நெட்வொர்க், பராமரிப்புக்கு வரும் வெண்டாரின் தொலைநிலை மென்பொருள். ரூட்டிங் சரியாகக் கட்டப்படாவிட்டால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் உங்கள் சர்வரைப் பிங் செய்துகொண்டிருப்பார்.

பிஜிபி என்ற நெறிமுறை போட்டு ரூட்டுகளை (எந்த முகவரிக்கு எந்தப் பாதை என்ற குறிப்புகளை) தானாகப் பரிமாறிக்கொள்ளும் இணைப்புகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஒருநாள் அவர்கள் தெரியாமல் ஒரு பெரிய வரிசையை, சில நேரம் டீஃபால்ட் ரூட்டையே (தனிப் பாதை குறிக்காத போக்குவரத்தெல்லாம் போகும் பாதை), உங்களுக்கு அறிவித்துவிட்டால் உங்கள் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும். என்ன ரூட்டை ஏற்பது, எத்தனை ஏற்பது என்று இரண்டு பக்கமும் ஃபில்டர் வேண்டும். இரண்டே சப்நெட்டுக்கு பிஜிபி தேவையா என்றும் யோசியுங்கள். கையாலேயே ஸ்டாடிக் ரூட் எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆக்டிவ் டைரக்டரி டிரஸ்ட் வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

ஆக்டிவ் டைரக்டரி என்பது விண்டோஸின் பயனர் நிர்வாக அமைப்பு, டிரஸ்ட் என்றால் அவர்களுடைய பயனர் கணக்குகளை அது நம்புவது. தனித்தனி நிறுவனங்களாக இருக்கும்வரை என் பதில் வேண்டாம் என்பதுதான். டிரஸ்ட் கொடுக்க, அந்தக் கணக்குகளை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்கான போர்ட்டுகளைத் திறக்க வேண்டும். கெர்பரோஸ், எல்டாப், ஆர்பிசி, எஸ்எம்பி, கூடவே பெரிய எண்களில் ஒரு முழு வரிசை. மேலே எழுதிய ஒற்றை வாக்கிய ரூல் அத்தோடு போச்சு. நம்முடைய மிக விலையுயர்ந்த சர்வர் நேரடியாக அவர்கள் பார்வைக்கு வந்துவிடும். லாகின்தான் பிரச்சினை என்றால் சாம்ல் அல்லது ஓபன்ஐடி கனெக்ட் மூலம் ஃபெடரேஷன் (அவர்கள் பக்கத்து லாகினை இங்கே ஏற்பது) செய்யலாம், அதற்கு உலாவி போதும். தவிர்க்கவே முடியாமல் டிரஸ்ட் போட்டால் ஒருவழியாக, தேர்ந்தெடுத்த கணினிகளுக்கு மட்டும், எஸ்ஐடி ஃபில்டரிங் (போலி அடையாளங்களை வடிகட்டும் பாதுகாப்பு) அணைக்காமல்.

டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுடைய ஒரு பெயரைத் தேட உங்கள் டிஎன்எஸ் சர்வரை முழுக்கத் திறந்துவிட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சர்வர் பெயர்களின் பட்டியலே ஒரு வரைபடம்.

அந்த நிறுவனத்தை நாங்களே வாங்கிவிட்டோம். இனி ஒரே குடும்பம்தானே?

சட்டப்படி ஆம். நெட்வொர்க்குக்கு அது தெரியாது. மேரியட் 2016இல் ஸ்டார்வுட் ஓட்டல் குழுமத்தை வாங்கியது. ஸ்டார்வுட் அமைப்புக்குள் 2014 முதலே ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்டுபிடித்தது 2018இல். உலகம் முழுக்க சுமார் 33.9 கோடி விருந்தினர் பதிவுகள் பாதிக்கப்பட்டன, 2020இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் 1.84 கோடி பவுண்டு அபராதம் போட்டார், மேரியட்டுக்கு. வாங்கும்போது கட்டடத்தோடு சேர்த்துக் குடியிருப்பவனையும் வாங்குகிறோம். வாங்கிய நெட்வொர்க்கைச் சோதித்து முடிக்கும்வரை வெளியார் நெட்வொர்க்காகவே நடத்துங்கள்.

விபிஎன் கருவியே ஓட்டையாக இருந்தால்?

இருக்கும். அது இணையத்தைப் பார்த்து நிற்கும் கருவி, எல்லோரும் முதலில் தட்டுவது அதைத்தான். 2015 டிசம்பரில் ஜூனிபர் தன் ஸ்கிரீன்ஓஎஸ் மென்பொருளுக்குள் அனுமதியில்லாத நிரல் இருந்ததாக அறிவித்தது. அதில் ஒன்று அட்மின் நுழைவைக் கொடுத்தது, இன்னொன்று விபிஎன் தரவையே பிரித்துப் படிக்க வழிசெய்யக்கூடியது. 2024 ஜனவரி கடைசியில் இவாண்டி விபிஎன் கருவிகளை 48 மணி நேரத்துக்குள் துண்டிக்கும்படி அமெரிக்க அரசுத் துறைகளுக்கு அந்நாட்டு சைபர் பாதுகாப்பு முகமையான சிசா உத்தரவு போட்டது. அது ஊழியர்கள் வெளியிலிருந்து இணைய உதவும் கருவி. ஆனால் பல இடங்களில் ஒரே பெட்டிதான் இரண்டு வேலையும் பார்க்கிறது.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலைதான். பேட்ச் போடுங்கள். நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குக் காட்டாதீர்கள். ஐபிசெக் பயன்படுத்தும் யூடிபி 500, 4500 போர்ட்டுகளை எதிர்த்தரப்பின் ஒரே முகவரிக்கு மட்டும் திறங்கள். நிலையான முகவரி உள்ள சைட்-டு-சைட் இணைப்பில் இந்தக் கடைசி வேலைக்கு ஐந்து நிமிடம் ஆகும், ஊருக்கெல்லாம் கதவைக் காட்டாமல் இருக்கலாம்.

லாக்கில் எதைப் பார்ப்பது?

தடுக்கப்பட்டவற்றை. அனுமதித்த போக்குவரத்து கோடிக்கணக்கில் ஓடும். ஆனால் ஒரே சர்வர் இன்னொரு சர்வரோடு 443இல் மட்டும் பேசும் டனலில், திடீரென்று 445க்கு ஒரு தட்டு விழுந்தால் அது ஒரு செய்தி. குறுகலாக எழுதிய ரூலின் இன்னொரு பலன் இது. எல்லாம் திறந்த டனலில் அசாதாரணம் என்று ஒன்று இருக்கவே முடியாது. அப்புறம், இரவு மூன்று மணிக்கு வழக்கத்தைவிட இருபது மடங்கு தரவு வெளியே போகிறதா என்று அளவையும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

வழக்கறிஞர்கள் நிறைய எழுதுவார்கள். நெட்வொர்க் ஆட்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில. தங்கள் பக்கம் ஊடுருவல் என்று தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், யாருக்கு. சந்தேகம் வந்தால் அனுமதி கேட்காமலே டனலைத் துண்டிக்கும் உரிமை, அதற்காக இழப்பீடு கேட்க மாட்டோம் என்ற ஒப்புதல். இந்த வரி இல்லாவிட்டால் நள்ளிரவில் ஒரு இளம் பொறியாளர் பழி தன் மேல் விழுமோ என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இரு அமைப்புகளை இணைக்கும் முன் இப்படி எழுத்தில் உடன்பாடு வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2002இலேயே 800-47 என்ற வழிகாட்டியில் சொல்லிவிட்டது, 2021இல் புதுப்பித்தும் இருக்கிறது.

துண்டித்துப் பார்க்கும் ஒத்திகையும் வேண்டும். டனலை இறக்கினால் எந்த வேலை நிற்கும் என்று இரண்டு தரப்பும் முன்பே தெரிந்துவைத்திருந்தால்தான் அந்த உரிமைக்கு மதிப்பு.

டனலே இல்லாமல் வேலையை முடிக்க முடியாதா?

பல நேரம் முடியும். தேவை ஒரு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) என்றால், இரண்டு பக்கமும் சான்றிதழ் காட்டிக்கொள்ளும் டிஎல்எஸ் மறையாக்கம் போதும். கோப்பு என்றால் எஸ்எஃப்டிபி. நாலு பேர் ஒரு வலைச் செயலியைப் பார்க்க வேண்டும் என்றால் இருபடி உறுதிப்பாட்டோடு ஒரு பிராக்ஸி (நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சர்வர்). இவற்றில் எதுவும் இரண்டு நெட்வொர்க்குகளை ஒட்டுவதில்லை, ஒரு சேவையை மட்டும் காட்டுகின்றன. பழைய தரவுத்தள நெறிமுறை, தொழிற்சாலைக் கருவிகள், நூற்றுக்கணக்கான சேவைகள் என்று வரும்போது டனல்தான் வழி. அப்போதும் அது போய் இறங்கும் இடம் உங்கள் உள் நெட்வொர்க்காக இருக்கக்கூடாது. தனியாக ஒரு டிஎம்இசட் (வெளிக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒதுக்கிய நெட்வொர்க்), அதில் ஒரு இடைநிலை சர்வர், அதற்கு மேல் உள்ளே போக இன்னொரு ஃபயர்வால்.

திட்டம் முடிந்துவிட்டது. டனலை என்ன செய்வது?

எடுத்துவிடுங்கள். அணைத்துவைப்பதோடு நிறுத்த வேண்டாம், அணைத்ததை யாராவது ஒருநாள் போட்டுவிடுவார்கள். டனல், ரூல், ரூட், என்ஏடி, டிஎன்எஸ் ஃபார்வர்டர், அவர்களுக்காக உருவாக்கிய சர்வீஸ் அக்கவுண்ட் என்று ஒவ்வொன்றாக. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். புதிய டனல் போடும்போதே பொறுப்பாளர் பெயரையும் முடிவுத் தேதியையும் ரூலின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்று எழுதாமல், தேதி, மாதம், வருடத்தோடு.